புளி போட்டுத் தேய்த்த புத்தர்

அம்மா புத்தரைப் புளி போட்டுத் தேய்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் அலுவலகத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், தூபக்கால், மணி என்று கழுவித் துடைத்து வைத்த வரிசையில் கடைசியாக அவரும் உட்கார்ந்திருந்தார். புதுத் தவலை மாதிரி செம்பு மின்னியது. முகத்தில் இருந்த பொன்பூச்சு போயிருந்தது. கண்ணும் போயிருந்தது. "எவ்வளவு அழுக்குடி இதுல, கறுகறுன்னு" என்றாள் அம்மா, பெருமையாக.

இதைக் கோபப்படாமல் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆனது. வீட்டில் தியானத்துக்கு ஒரு மூலை ஒதுக்கி, அதில் ஒரு புத்தர் சிலை வைக்கலாம் என்று நினைப்பவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் செய்த தப்புகளிலிருந்து தெரிந்துகொண்டதுதான். அதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் வாங்கியது சிலை இல்லை, தலை. இணையத்தில் பார்த்து வாங்கினேன். ஒன்றரை அடி உயரம், பைபரில் செய்து பழைய வெண்கலம் போல வண்ணம் அடித்தது. வரவேற்பறையில் வைத்தால் பத்திரிகைப் படம் போல இருந்தது. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து பார்த்த உடனே கேட்டாள்: "தலையை மட்டும் வெட்டி வெச்சிருக்கியே, உடம்பு எங்கே?" பின்னமான விக்கிரகத்தை வீட்டில் வைக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும் என்பது அவள் கணக்கு. நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் படித்தபோதுதான் அம்மா சொன்னது வெறும் சாஸ்திரம் இல்லை என்று தெரிந்தது. ஜாவாவில் போரோபுதூரில் 504 புத்தர்கள் இருந்தார்கள். அவற்றில் 300க்கும் மேல் சிதைந்து போனவை, பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. தாய்லாந்தில் 1767இல் பர்மியப் படை அழித்த அயுத்தயாவிலும் தலையில்லாப் புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முழுச் சிலையைத் தூக்கிப் போவது கஷ்டம், தலையை வெட்டிக் கொண்டு போவது சுலபம். அப்படிப் போன தலைகளை மியூசியங்களிலும் பணக்காரர் வீடுகளிலும் பார்த்துப் பழகித்தான் 'புத்தர் தலை' ஓர் அலங்காரப் பொருள் ஆனது. இது தெரிந்த பிறகு அந்தத் தலைக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் அழகு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அங்கே வரவேற்பு மேசையில்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் யாரோ பரிசாகக் கொடுத்த தொந்திப் புத்தரும் என்னிடம் இருந்தார். அவர் புத்தரே இல்லை. சீனத்துத் துறவி புதாய், பத்தாம் நூற்றாண்டுக்காரர். பாவம், அவருக்கும் கௌதமருக்கும் உள்ள குழப்பம் இனி தீரப் போவதில்லை.

அதற்கிடையில் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போய் வந்தேன். அதைக் கற்றுத்தந்த ஆசிரியர் கோயங்கா வழி மையங்களில் தியான மண்டபத்தில் சிலை கிடையாது, படம் கிடையாது, ஊதுபத்தி கூடக் கிடையாது. அதனால் வீட்டிலும் வெறும் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். வெறும் சுவர் ஒன்றும் குறைவான வழி இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் பழையவற்றைப் பாருங்கள். ஜனங்கள் கூடிக் கும்பிடுகிறார்கள், ஆனால் நடுவில் புத்தர் இல்லை. காலி ஆசனம், பாதச் சுவடு, அரச மரம், சக்கரம், இவைதான் இருக்கும். மனித வடிவில் அவரைச் செதுக்குவதற்கு முன்னால் அப்படித்தான் காட்டினார்கள். சிலை வாங்க வசதி இல்லாதவர்களும், வீட்டில் எதிர்ப்பு இருப்பவர்களும் ஒரு அரச மர இலையை வைத்து உட்காரலாம். சிலையை விடப் பழைய வழி அது.

எனக்குத்தான் சுவர் போதவில்லை. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து திரையைப் பார்க்கிற உடம்பு, தியானத்திலும் அதே கூனலில் போய் நின்றுவிடும். பத்து நிமிஷத்தில் மோவாய் நெஞ்சைத் தொடும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம் எதிரில் இருந்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது.

2017இல் அம்மாவுக்கு நேபாளத்து முக்திநாத் பார்க்க வேண்டும் என்று ஆசை. நூற்றெட்டுத் திருப்பதிகளில் திருச்சாளக்கிராமம் அது. போக்கரா, ஜோம்சோம் வழியாகப் போனோம். 3,700 மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்கும் குளிர். 108 பசுமுகத் தாரைகளிலும் தலையைக் காட்டிவிட்டு உள்ளே போனால், சன்னிதியில் இருந்தவர் மொட்டை அடித்த பௌத்தப் பெண் துறவி. நமக்கு மூர்த்தி நாராயணன், அவர்களுக்குக் கருணையின் போதிசத்துவர் அவலோகிதேசுவரர். ஒரே விக்கிரகம். அம்மா துளசி தீர்த்தம் வாங்குவது போலவே அந்தப் பெண்ணிடம் பிரசாதம் வாங்கிக்கொண்டாள். பக்கத்து மடாலயத்தில் புத்தருக்கு முன்னால் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் வைத்திருந்ததை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நல்லாயிருக்கு, செலவில்லாத நைவேத்தியம்" என்றாள்.

ஊர் திரும்ப இரண்டு நாள் மிச்சம் இருந்தது. காட்மாண்டுவில் பாக்மதி ஆற்றைத் தாண்டினால் பாட்டன் என்ற ஊர், அதற்கு லலித்பூர் என்றும் பெயர். 2015 நிலநடுக்கத்தில் விழுந்த கோயில்களுக்கு அப்போதும் சாரம் கட்டியிருந்தார்கள். மகாபௌத்தம் என்று ஒரு கோயில் இருக்கிறது. செங்கல்லுக்குச் செங்கல் புத்தர் உருவம். அதைச் சுற்றியுள்ள சந்துகளில் நுழைந்ததும் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிக் டிக் டிக்கென்று உளிச் சத்தம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சிலை வார்க்கிற சுவாமிமலைத் தெருவில் கேட்டு வளர்ந்த அதே சத்தம்.

அங்கே இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்துச் சாக்கியர்கள். புத்தர் பிறந்த குலத்தின் பெயரையே குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள். இவர்களுடைய முன்னோடி அர்னிகோ 1260வாக்கில் எண்பது கைவினைஞர்களை அழைத்துக்கொண்டு திபெத்துக்குப் போய், அங்கிருந்து மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அரசவை வரைக்கும் போனவர். பெய்ஜிங்கில் அவர் கட்டிய வெள்ளை ஸ்தூபி இன்றைக்கும் நிற்கிறது.

வேலை முறை சுவாமிமலைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்து, மேலே மண் பூசி, காயவைத்துச் சூடாக்கி மெழுகை வடியவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இரண்டு இடத்தில் மட்டும் வித்தியாசம். நம் ஊரில் ஐம்பொன், அவர்களுக்குச் செம்பு பிடிக்கும். சுவாமிமலையில் உள்ளே கனமாக வார்ப்பார்கள். பாட்டனில் மெழுகு உருவத்தையே உள்ளே காலியாகச் செய்து, வயிற்றுக்குள்ளும் மண்ணை அடைத்து வார்க்கிறார்கள். சிலை வெறும் கூடாக வரும். அந்தக் காலி இடம் செம்பை மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை. மந்திரம் எழுதிய சுருள்கள், தானியம், வாசனைப் பொருள்கள் எல்லாம் அடைத்து, அடியில் செம்புத் தகடு வைத்து மூடி, பிறகுதான் பிரதிஷ்டை. அந்தத் தகட்டில் குறுக்காக இரண்டு வஜ்ரம், அதாவது இந்திரனின் வஜ்ராயுதம் போன்ற சின்னம், பொறித்திருக்கும். பழைய சிலை எதையாவது வாங்கினால் அந்தத் தகட்டைக் கிளப்பிப் பார்க்காதீர்கள். கருவறையைத் திறந்து பார்ப்பது போல அது.

அங்கே ஒரு சிலைக் கடைக்காரர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். ஒரே அளவில் இரண்டு சிலைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் மெழுகுப் பிரதி எடுத்தது ஒரே அச்சில்தான் என்பதை அவரே சொன்னார், மறைக்கவில்லை. ஆனால் விலை ஒன்றுக்கு மூன்று. ஒன்றில் வார்ப்பு முடிந்ததும் இரண்டு நாள் உளி வேலை, மற்றதில் மூன்று வாரம். "எங்கே வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். "இதுல விரல் தரையைத் தொடலை பாரு."

புத்தரின் வலது கை முழங்காலுக்கு மேல் வந்து, விரல்கள் கீழே நீண்டிருக்கும். பூமியைத் தொடும் முத்திரை. போதி மரத்தடியில், தவத்தைக் கலைக்கப் பார்க்கும் மாரன் வந்து, "இந்த இடத்தில் உட்கார உனக்கு என்ன தகுதி, யார் சாட்சி?" என்று கேட்கிறான். அவன் பக்கம் ஒரு படையே சாட்சி சொல்கிறது. இவர் பக்கம் ஒருவரும் இல்லை. வாதம் செய்யாமல் கையை இறக்கிப் பூமியைத் தொடுகிறார், பூமியே சாட்சி சொல்கிறது. முழுக்கதையும் அந்த நடுவிரல் நுனியில் இருக்கிறது. சுலபமாக முடித்த சிலையில் அந்த விரல் காலோடு ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. மூன்று வாரச் சிலையில் ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நுனி தாமரை இதழை மெத்தென்று தொட்டது.

அதற்கப்புறம் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தது. மேலாடையில் கோடு கோடாக இருப்பதை வெறும் மடிப்பு என்று நினைத்திருந்தேன். பிக்குகளின் ஆடை துண்டு துண்டாகத் தைத்தது. எப்படித் தைப்பது என்று கேள்வி வந்தபோது, மகத நாட்டு வயல்களைக் காட்டி, இந்த வரப்புகள் மாதிரி தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாகப் பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில் வருகிறது. ஆக, சிலையின் தோளில் கிடப்பது நெல் வயல். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த ஒருத்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நல்ல சிலையில் வரப்பும் குறுக்கு வரப்பும் உளியால் இழைத்திருக்கும், முதுகுப் பக்கத்திலும்கூட. மட்டமானதில் அந்த இடம் மழமழவென்று இருக்கும்.

காது தொங்குவது ராஜகுமாரனாக இருந்தபோது போட்ட கனத்த குண்டலத்தால். துறவுக்குப் போகும்போது நகையைக் கழற்றினார், காது நீண்டது நீண்டதுதான். திருநெல்வேலிப் பக்கத்தில் பாம்படம் கழற்றிய பாட்டிகளின் காதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. வலது தோள் திறந்திருப்பது மரியாதை. நம் ஊரில் கோயிலுக்குள் மேல் துண்டை இடுப்பில் கட்டுகிறார்களே, அந்த மாதிரி. உச்சிக் கொண்டை, புருவ நடுப் பொட்டு, வலமாகச் சுழியும் சுருள் முடி எல்லாம் மகாபுருஷ லட்சணங்கள். அவற்றை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

நான் கண்டுகொண்டது இதுதான். பொறுமையாகக் கையால் இழைத்ததற்கும் அவசரமாக முடித்ததற்கும் உள்ள வித்தியாசம் பளபளப்பில் இல்லை, அர்த்தம் இருக்கிற இடங்களில் இருக்கிறது. விரல் நுனி, உள்ளங்கை, இமை, வரப்பு. இவை நாலும்தான் அவசரத்தில் முதலில் மழுங்குகின்றன. சிலை வாங்கப் போனால் முகத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். விரலுக்கு நடுவில் ஒரு காகிதத்தை விட்டுப் பாருங்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். பின்பக்கத் தாமரையில் இதழ் இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், இமயமலைப் பக்கத்துச் சிலைகளில் அது வழக்கம்தான்.

முலாம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டனின் பெருமையே பொன் முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாகப் பூசி, தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நுரையீரலுக்கும் நரம்புக்கும் விஷம். அந்த வேலை நடந்த ஒரு கொட்டகையை எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றான். வேறென்ன சொல்ல? உடம்புக்கு முலாம் போடாத செம்புச் சிலையையே எடுத்தேன். அதைக் கறுப்பேற்றி ஒரு மாதிரி பழுப்பாக வைத்திருந்தார்கள். முகத்துக்கு மட்டும் தங்கப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் பூசி, அதன்மேல் கண், புருவம், உதடு எழுதியிருந்தது. இதற்குத் தீயும் வேண்டாம், பாதரசமும் வேண்டாம். தண்ணீருக்கு நிற்காது என்பதைத்தான் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பணம் கொடுக்கும் நேரத்தில் பீடத்தில் ஒரு சின்ன வஜ்ரம் படுத்திருப்பதைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். கடைக்காரர், "அதனால்தான் இவர் சாக்கியமுனி இல்லை, அட்சோபியர்" என்றார். சாக்கியமுனி என்றால் நமக்குத் தெரிந்த கௌதம புத்தர், அட்சோபியர் அவர்கள் வணங்கும் இன்னொரு புத்தர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்காரும் விதம், கை, உடை எல்லாம் ஒன்றுதான். மடியில் பிட்சைப் பாத்திரம் இருந்தால் பொதுவாகச் சாக்கியமுனி, பீடத்திலோ உள்ளங்கையிலோ வஜ்ரம் இருந்தால் அட்சோபியர், கிழக்குத் திசைக்குரிய புத்தர். இரண்டு கையும் மடியில் சேர்ந்திருந்தால் அமிதாபராக இருக்கலாம். வலது கையில் கடுக்காய் பிடித்திருந்தால் மருத்துவ புத்தர். வாங்குவதற்கு முன்னால், "இவர் யார்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நான் திருப்பி வைக்கப் போனவள், பெயருக்கு அர்த்தம் கேட்டேன். அசைக்க முடியாதவர். எந்த உயிர்மேலும் கோபப்பட மாட்டேன் என்று சபதம் எடுத்துப் புத்தர் ஆனவராம். மார்ச் மாதத்து ஆடிட்டர் அலுவலகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எனக்கு எந்தப் புத்தர் தேவை என்று. எட்டு அங்குலம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 32,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 20,000.

நேபாளத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்களை வெளியே கொண்டுபோகத் தடை. புதுச் சிலைக்கும் தொல்பொருள் துறையில் காட்டி, இது பழசு இல்லை என்று முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. கடைக்காரரே வாங்கித் தந்தார். பில்லையும் முத்திரையையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே எதுவும் அடைத்துப் பிரதிஷ்டை செய்ய நேரம் இல்லை, காலிக் கூடாகவே வந்தார்.

விமானத்தில் அம்மா சொன்னாள்: "திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துல பொன் புத்தரைத் தூக்கிட்டு வந்து ஸ்ரீரங்கத்துல மதில் கட்டினார். நீ காசு கொடுத்துத் தூக்கிட்டு வர்ற. நல்ல வேளை, கணக்கு நேராச்சு." வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரைக் கதையில் வருவதுதான். அதைக் கேட்டதும்தான் உறைத்தது. நாகப்பட்டினம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம். 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் அங்கே சூடாமணி விகாரம் கட்டினார்கள், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்த மண்ணிலிருந்து 1856 முதல் 1930கள் வரைக்கும் சுமார் 350 புத்த வெண்கலங்கள் கிடைத்திருக்கின்றன. பல எழும்பூரிலேயே இருக்கின்றன. ஊர் திரும்பிய வாரமே போய்ப் பார்த்தேன். அவற்றின் உச்சியில் ஒரு தீச்சுடர் எரியும், பாட்டன் புத்தருக்கு அந்த இடத்தில் மணி போல ஒரு முடிச்சு. பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு இமயமலைக்குப் போயிருக்கிறேன். சரி, போகட்டும்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில் மூன்று தடவை தவறினேன். முதலில் மரியாதை என்று புத்தக அலமாரி உச்சியில், ஐந்தடி உயரத்தில் வைத்தேன். தரையில் உட்கார்ந்தால் அவர் பார்வை என் தலைக்கு மேலே எங்கோ போனது. அடுத்து ஒரு மனைப்பலகை போட்டுத் தாழ வைத்தேன். அவர் உச்சிக் கொண்டையைத்தான் பார்க்க முடிந்தது, என் கழுத்து இன்னும் குனிந்தது. சிலையின் இமை பாதி மூடி, பார்வை கீழே சாய்ந்திருக்கும்படி செய்திருப்பதே கீழே உட்கார்ந்திருப்பவருக்காகத்தான். மெத்தையில் உட்கார்ந்து என் கண் உயரத்தை அளந்தேன், 78 சென்டிமீட்டர். சிலையின் கண் அதைவிட ஒரு சாண் மேலே வரும்படி ஒரு முக்காலி செய்யச் சொன்னேன். அவ்வளவுதான், முகத்துக்கு முகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் அந்தப் பார்வை கிடைக்கும், கூனினால் தப்பிப் போகும்.

மேலே இருந்து விழும் எல்இடி வெளிச்சம் கூடாது, கண்குழி இருண்டு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு போதும். எண்ணெய் விளக்கும் ஊதுபத்தியும் ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும், கரி முகத்தில்தான் போய் ஒட்டும். திசையைப் பொறுத்தவரை கிழக்குச் சுவரில் வைத்தோம். அவர் கிழக்குக்கு உரியவர், அம்மாவுக்கும் வாஸ்து சரி. கால் நீட்டிப் படுக்கும் பக்கம் வேண்டாம் என்பதை நம் வீடுகளில் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு கிண்ணத்தை அம்மா விடவில்லை. சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள். காலையில் இடமிருந்து வலமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு தானிய மணி அளவுதான் இடைவெளி, விளிம்பு வரைக்கும் நிரப்பாமல் கொஞ்சம் குறைவாக. காலிக் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கக் கூடாது, சாயங்காலம் கொட்டித் துடைத்துக் கவிழ்த்துவிட வேண்டும். கொட்டும் தண்ணீர் எங்கள் வீட்டில் துளசிக்குப் போகிறது. தண்ணீர் ஏன் என்றால், யாருக்கும் கொடுக்க மனம் கஞ்சப்படாத பொருள் அது. உள்ளே காலியாக இருக்கக் கூடாது என்று அம்மா அரிசியும் மஞ்சளும் ஒரு துணியில் முடிந்து சிலைக்குள் வைத்தாள். மூன்றாம் மாதம் வண்டு வந்தது. எடுத்துவிட்டேன். அடைப்பதானால் முறை தெரிந்த லாமாக்களிடம் கொடுத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக விடலாம்.

தியானத்தில் அவரால் என்ன பயன் என்று கேட்டால், நான் அவரைக் கும்பிடுவதைவிடக் காப்பி அடிப்பதுதான் அதிகம். மோவாய் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, தோள் எங்கே இறங்கியிருக்கிறது, இடது கை மடியில் கனமில்லாமல் எப்படிக் கிடக்கிறது. உட்கார்ந்த உடனே ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சரிசெய்துகொள்வேன், அப்புறம் மூடுவேன். மனசு தறிகெட்டு ஓடும் நாள்களில் வலது கையை முழங்காலைத் தாண்டி இறக்கி, விரல் நுனியால் தரையைத் தொடுவேன். மொசைக் தரையின் சில்லிப்பு ஏறும். 'இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், இதுவே சாட்சி.' கோபம் வந்த நாளிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பத்துக்கு ஆறு தடவை வேலை செய்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை அது வேலை செய்யவில்லை. கத்திவிட்டேன்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை பூஜைப் பாத்திரம் தேய்க்கும் வீட்டில், கறுத்த செம்பு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? அந்தக் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றியது என்று நான் சொல்லி வைக்கவில்லை. அதனால் இதை எழுதி முக்காலிக்கு அடியிலேயே ஒட்டிவிடுங்கள்: புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் ஆகாது. எண்ணெய்க் காப்பு, சந்தனம், அபிஷேகம் ஆகாது. காய்ந்த மெத்தென்ற வாட்டர்கலர் பிரஷ்ஷால் வாரம் ஒரு தடவை தூசு தட்டினால் போதும். முகத்தில் விரலே படக் கூடாது.

கடைக்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். உடம்பு தானாகவே மெல்லக் கறுத்துவிடும், விடுங்கள் என்றார். முகத்தை மட்டும் உள்ளூர் பெயிண்டர் யாரிடமும் கொடுக்காதீர்கள், எப்போதாவது கொண்டு வாருங்கள், முகம் எழுதுகிறவர் எழுதித் தருவார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கண் எழுதுவது எந்த ஊரிலும் கடைசி வேலை. நம் ஸ்தபதிகள் பொன்னூசியால் கண் திறப்பார்கள். இலங்கை விகாரைகளில் கண் எழுதுபவர் சிலைக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தபடி எழுதுவார், நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

இதை அம்மாவிடம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "கண் திறந்த விக்கிரகமா? முதல்லயே சொல்லக் கூடாதாடி?" அதுவரை அவளுக்கு அது நான் வாங்கிய பொருள், அன்றைக்குத்தான் சாமி ஆனது. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூஜை அலமாரி ஆணியில் மாட்டினாள்.

சிலை இன்னும் காட்மாண்டு போகவில்லை. செம்பு மறுபடி பழுப்பேறி வருகிறது. எழுதிய கண் இல்லாததால், வார்ப்பில் வந்த இமை மட்டும் தெரிகிறது, ஏறக்குறைய மூடியதுபோல. முடிந்து வைத்த ரூபாயை எந்த உண்டியலில் போடுவது என்றுதான் எங்களுக்குள் முடிவாகவில்லை. உப்பிலியப்பன் கோயிலில் போட்டால் சரியாக வராது என்கிறாள் அம்மா. முக்திநாத்தில்தான் போட வேண்டுமாம், அங்கே இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்று. ஆணியில் அப்படியே தொங்குகிறது.